அடி முறுகல், மேலே மெத்து: வீட்டில் சீன டம்ப்ளிங்

எண்ணெயைக் கூட ஊற்றினால் முறுகலும் கூட வரும் என்று நம்புகிறவர்களோடு எனக்கு வெகுநாளாக வழக்கு நடக்கிறது. அந்தக் கட்சியின் தலைவி எங்கள் வீட்டிலேயே இருக்கிறார். பூரணத்தை மாவுத் தோலில் மடித்துச் செய்யும் டம்ப்ளிங் அடுப்பில் ஏறியதும் என் மாமியார் பின்னால் வந்து நின்றுகொண்டு, "இன்னும் ஒரு கரண்டி ஊற்றேன் அம்மா, எண்ணெயில் என்ன கஞ்சத்தனம்?" என்பார். "போதும் அத்தை" என்பேன். பன்னிரண்டு டம்ப்ளிங் அடுக்கும் பானுக்கு இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய்க்கு மேல் வேண்டியதில்லை. மிச்ச வேலையைத் தண்ணீர்தான் செய்ய வேண்டும். செய்துவிட்டு இடத்தைக் காலி செய்யவும் வேண்டும். அது போகாமல் தங்கினால்தான் வம்பு.

மாவில் ஈரம் இருக்கிற வரைக்கும் அதன் சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். அடுப்பு கொடுக்கிற வெப்பத்தையெல்லாம் தண்ணீர் ஆவியாவதற்கென்று வாங்கிக்கொள்ளும். மேல்பரப்பு காய்ந்த பிறகே சூடு ஏறத் தொடங்கும். 140 டிகிரியை ஒட்டி மாவிலுள்ள புரதமும் சர்க்கரையும் வேகமாக வினைபுரிந்து பொன்னிறத்தையும் வறுத்த மணத்தையும் தரும். பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீல் மைலார்ட் 1912இல் விவரித்த வினை இது. ஆகவே டம்ப்ளிங்கின் அடி வெளுத்துக் கிடக்கிறது என்றால் ஈரம் இன்னும் போகவில்லை என்றுதான் பொருள். அப்போது எண்ணெயை ஊற்றினால் எண்ணெய் குடித்த, வெளுத்த டம்ப்ளிங் கிடைக்கும்.

சீனாவின் வடக்குப் பகுதி கோதுமை விளையும் பூமி. அங்கே ஜியாவ்ஸி என்ற இந்தப் பிறை வடிவ டம்ப்ளிங் என்றாலே முதலில் நினைவுக்கு வருவது நீரில் வேகவைத்ததுதான். சீனப் புத்தாண்டுக்கு முந்தைய இரவில் வீட்டில் உள்ளவர்கள் எல்லாரும் கூடி உட்கார்ந்து மடிப்பார்கள். பழைய காலத்துத் தங்க, வெள்ளிக் கட்டிகளின் வடிவம் அதற்கு இருப்பதால் செல்வம் சேரும் என்பது நம்பிக்கை. ஏதாவது ஒன்றுக்குள் நாணயத்தை ஒளித்து வைப்பதும் உண்டு. மிஞ்சியதைப் பிற்பாடு எண்ணெயில் வாட்டித் தின்பார்கள். பச்சையாகவே பானில் அடுக்கி, அடியைச் சிவக்கவிட்டு, தண்ணீர் ஊற்றி மூடி வேகவைப்பது குவோதியே. நான் இங்கே பெரும்பாலும் பேசப்போவது அதைப் பற்றித்தான். தெற்கே கான்டனீஸ் சமையலில் வோன்டன் என்ற மெல்லிய தோல் டம்ப்ளிங்கை எண்ணெயில் மூழ்கடித்துப் பொரிக்கிறார்கள், அதற்கும் வருகிறேன்.

இது எப்படித் தோன்றியது என்று கேட்டால் ஹான் அரச மரபுக் காலத்து மருத்துவர் ஜாங் ஜோங்ஜிங்கின் கதையைச் சொல்வார்கள். கடுங்குளிரில் காது புண்ணாகிப் போன ஏழைகளுக்கு, ஆட்டிறைச்சியையும் மருந்துச் சரக்குகளையும் காது வடிவ மாவுக்குள் மடித்து வேகவைத்துக் கொடுத்தாராம். கதை நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கு அதைவிடப் பிடித்தது சீனாவின் வடமேற்கே சின்ஜியாங்கில், துர்ஃபானுக்கு அருகே உள்ள அஸ்தானா கல்லறைகளில் கிடைத்த சான்று. தாங் அரச மரபுக் காலத்தில் இறந்தவர்களோடு புதைத்த டம்ப்ளிங்குகள், பாலை நிலத்தின் வறட்சியில் காய்ந்து, ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும் பிறை வடிவம் குலையாமல் கிடைத்திருக்கின்றன. ஈரம் முழுதாகப் போய்விட்டால் மாவு எவ்வளவு உறுதியாக நிற்கும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சியை நான் எங்கே போய்த் தேடுவது? அத்தையிடம் சொன்னேன். "பிணத்தோடு வைத்ததை எல்லாம் சமையலறையில் பேசாதே" என்று முடித்துவிட்டார்.

மாவுக்கு வருவோம். முந்நூறு கிராம் மைதா, அரைத் தேக்கரண்டி உப்பு. கொதிக்கும் தண்ணீர் 120 மில்லியைச் சிறிது சிறிதாக ஊற்றி, மரக்குச்சியால் கிளறினால் மாவு உதிரி உதிரியாகத் திரளும். பிறகு 50 மில்லி பச்சைத் தண்ணீர் தெளித்துக் கையால் பிசைய வேண்டும். மைதாவுக்கு மைதா குடிக்கும் தண்ணீர் மாறும் என்பதால் கடைசி இரண்டு கரண்டியை உடனே ஊற்றிவிடாமல் கையில் வைத்திருங்கள். கொதிநீர் பட்டதும் மாவுச்சத்தின் ஒரு பகுதி அங்கேயே வெந்து நீரைக் குடித்துக்கொள்ளும். மாவுக்கு இழுவை தரும் குளூட்டன் என்ற புரதமும் முறுக்கேறாமல் அடங்கும். அதனால் தேய்த்த வட்டம் பழையபடி சுருங்குவதில்லை, வாட்டிய பிறகு தோலும் ரப்பராக இழுப்பதில்லை. நீரில் வேகவைக்கிற ஜியாவ்ஸிக்கு இதே மாவை எடுத்தால் தோல் குழைந்து கிழியும். அதற்குக் குளிர்ந்த தண்ணீரில் பிசைந்த மாவுதான் சரி. ஒரே மாவில் இரண்டையும் செய்துகொள்ளலாம் என்று சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை.

பிசைந்ததை மூடி அரை மணி நேரம் வைத்தால், முதலில் திட்டுத்திட்டாக இருந்தது தானாகவே வழவழப்பாகிவிடும். திரியாக உருட்டி, பத்து கிராம் எடையுள்ள துண்டுகளாக வெட்டி, ஒன்பது சென்டிமீட்டர் வட்டமாகத் தேய்க்க வேண்டும். ஓரம் மெல்லியதாகவும் நடு கொஞ்சம் தடிப்பாகவும் இருப்பது முக்கியம். மடிக்கும்போது ஓரம் இரண்டு மூன்று அடுக்காகிவிடும். நடுப்பகுதியோ பூரணத்தின் பாரத்தையும் பானின் சூட்டையும் ஒற்றையாகத் தாங்க வேண்டும். சீனர்கள் இதற்குக் கைப்பிடி இல்லாத, ஒல்லியான, குட்டையான கட்டையை வைத்திருப்பார்கள். ஒரு கை கட்டையை ஓரத்திலிருந்து நடுவரைக்கும் உருட்டிப் பின்வாங்க, மறு கை வட்டத்தை நகர்த்திக்கொண்டே இருக்கும். சாதாரணப் பூரிக்கட்டையிலும் முடியும். சற்று மெதுவாக நடக்கும்.

கடையில் உறையவைத்து விற்கும் தோலைப் பற்றிக் கேட்டால், தாராளமாக வாங்குங்கள் என்பேன். அலுவலக நாட்களில் நானும் அதைத்தான் எடுக்கிறேன். அது காய்ந்திருக்கும், ஆகையால் ஓரத்தில் விரலால் தண்ணீர் தடவினால்தான் ஒட்டும். வீட்டில் தேய்த்த தோலுக்குத் தண்ணீர் தேவையில்லை, அழுத்தினாலே பிடித்துக்கொள்ளும். எதுவானாலும் ஓரத்தில் பூரணத்தின் எண்ணெய் பட்டுவிட்டால் ஒட்டவே ஒட்டாது.

மடிப்பு எனக்கு எளிதில் வரவில்லை. காரணம் என் இடது கை. இணையத்தில் மடிக்கக் கற்றுத்தரும் கைகள் எல்லாம் வலது கைகள். நான் செல்பேசியை ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியின் எதிரே சாய்த்து வைத்து, கண்ணாடிக்குள் தெரிந்த பிம்பத்தைப் பார்த்து மடித்துக் கற்றுக்கொண்டேன். இன்றைக்கும் என் மடிப்புகள் ஒரு பக்கம் சாயும், என் மகளின் மடிப்புகள் எதிர்ப்பக்கம் சாயும். தட்டில் கலந்து கிடந்தாலும் எது யாருடையது என்று தெரிந்துவிடுவதால், பிரிந்துபோனது யார் மடித்தது என்ற விசாரணை எங்கள் வீட்டில் வெகு விரைவாக முடிந்துவிடும்.

மடிப்பின் அழகில் நேரத்தை வீணாக்க வேண்டாம். இரண்டு விஷயங்கள் போதும். சுருக்கங்கள் ஒரு பக்கத்துத் தோலில் மட்டும் விழ வேண்டும். அப்போதுதான் டம்ப்ளிங் பிறையாக வளைந்து தானாக நிற்கும். மூடியதும் பலகையில் வைத்து லேசாக ஓர் அழுத்து அழுத்தி, அடியைத் தட்டையாக்க வேண்டும். பானைத் தொடுகிற இடம்தான் முறுகும். அடி உருண்டையாக இருந்தால் நடுவில் ஒரு காசளவுதான் சிவக்கும்.

பூரணத்துக்கு நான் கோழித் தொடைக்கறியைக் கொத்தி எடுக்கிறேன், 300 கிராம். நெஞ்சுக்கறி வேண்டாம்; வெந்ததும் மரத்தூளாகிவிடும். சீனாவில் பெரும்பாலும் பன்றிக்கறி, அதுவும் கொழுப்போடு கூடியது. வடமேற்கில் ஆட்டுக்கறியும் உண்டு. இதோடு சீன முட்டைக்கோஸ் 250 கிராமைப் பொடியாக நறுக்கி, ஒரு தேக்கரண்டி உப்புப் போட்டுப் பிசறிக் கால் மணி நேரம் வைத்துப் பிழிய வேண்டும். இந்த முட்டைக்கோஸ் ஏறக்குறைய முழுக்கத் தண்ணீர்தான். பிழியாமல் போட்டால் அந்தத் தண்ணீரெல்லாம் பானில் வந்து தோலை உள்ளிருந்து ஊறவைக்கும். பிழிந்த சாற்றைக் கொட்டிவிடாதீர்கள். அதிலிருந்து மூன்று நான்கு மேசைக்கரண்டி எடுத்து, ஒவ்வொன்றாகக் கறியில் விட்டுக் கிளறுங்கள். இது முன்னுக்குப் பின் முரணாகத் தோன்றும், ஆனால் இல்லை. காயிலிருந்து வழிகிற தண்ணீர் வேறு, கறி பிடித்து வைத்துக்கொள்கிற தண்ணீர் வேறு. உப்புப் பட்டு நன்றாகக் கிளறிய கறியில் புரதம் கரைந்து பசையாகும். அந்தப் பசை சாற்றைக் கட்டிக்கொண்டு, வெந்த பிறகு வாயில்தான் விடும். ஒரே திசையில் கிளற வேண்டும் என்று சீன வீடுகளில் கண்டிப்பாகச் சொல்வார்கள். திசை முக்கியமோ இல்லையோ, கிளறுவதை விடாமல் செய்வது முக்கியம். கறி பாத்திரத்தின் ஓரத்தில் நூல்நூலாக ஒட்டத் தொடங்குவதுதான் பதம்.

அதன் பிறகு துருவிய இஞ்சி, வெங்காயத்தாள், ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸ், வெள்ளை மிளகுத்தூள், ஒரு சிட்டிகை சர்க்கரை, கடைசியில் எள்ளெண்ணெய். இந்த எண்ணெய் வறுத்த எள்ளிலிருந்து எடுத்ததாக இருக்க வேண்டும். வறுக்காத எள்ளில் ஆட்டியதில் அந்த மணம் வராது. முட்டைக்கோஸைக் கறியோடு சேர்ப்பது மடிக்கத் தொடங்கும்போதுதான். உப்பு சரியா என்று பார்க்க ஒரு கோலியளவு பூரணத்தை வதக்கித் தின்று பாருங்கள். முட்டைக்கோஸிலும் உப்பு, சாற்றிலும் உப்பு, சோயாவிலும் உப்பு. நாக்குதான் காப்பாற்ற வேண்டும்.

அத்தை கறி தொட மாட்டார், முட்டை சாப்பிடுவார். அவருக்காகச் செய்யும் முட்டைப் பூரணமும் அசல் வட சீனத்து வகைதான். அங்கே ஜியூசாய் என்ற, பூண்டு வாசமுள்ள தட்டைத் தாளும் முட்டையும் சேர்ப்பார்கள். கிடைக்காவிட்டால் வெங்காயத்தாளோடு ஒரு பல் பூண்டு. முட்டையை மென்மையாகப் பொரித்து, ஆறவைத்துப் பொடியாக்க வேண்டும். நறுக்கிய தாளை முதலில் எண்ணெயில் பிசறிவிட்டு, உப்பைக் கடைசி நிமிடத்தில் போட வேண்டும். எண்ணெய் பூசிய தாளிலிருந்து உப்பு தண்ணீரை இழுக்க நேரமாகும். அந்த இடைவெளியில் மடித்துவிடலாம். ஊறவைத்து நறுக்கிய கண்ணாடி நூடுல்ஸ் ஒரு கைப்பிடி போட்டால் கசிகிற சாற்றையும் அது குடித்துக்கொள்ளும்.

இப்போது அடுப்பு. சரியாக மூடும் மூடி உள்ள நான்ஸ்டிக் பான், அல்லது நன்கு பழகிய இரும்புப் பான். மிதமான தீயில் பானைக் காயவைத்து, எண்ணெய் விட்டு, டம்ப்ளிங்குகளைத் தட்டை அடி கீழே இருக்கும்படி வட்டமாக அடுக்குங்கள். இரண்டு நிமிடத்தில் அடி இளம்பொன்னாகும். அதற்குள் மாவுக் கரைசல் தயாராக இருக்க வேண்டும்: மைதா பத்து கிராம், தண்ணீர் 100 மில்லி, எண்ணெய் பத்து மில்லி. இருபத்து நான்கு சென்டிமீட்டர் பானுக்கு இந்த அளவு சரி. மாவு அடியில் தங்கிவிடும் என்பதால் ஊற்றும் நொடியில் இன்னொரு முறை கலக்கிக்கொள்ளுங்கள். ஒரு கையில் மூடியைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு ஊற்றி உடனே மூட வேண்டும். தெறிக்கும், அதில் சமரசமே கிடையாது. கண்ணாடி போடுகிறவர்களுக்கு இங்கே ஒரு சிறு நன்மை உண்டு.

மூடிய பிறகு ஆறு ஏழு நிமிடம். உள்ளே ஆவியில் தோல் வெந்து, ஓரங்கள் பளபளவென்று கண்ணாடி போலாகும். கோழிப் பூரணத்தின் நடுவில் சூடு 74 டிகிரியைத் தொட வேண்டும். வெப்பமானி இல்லாவிட்டால் ஒன்றைப் பிட்டுப் பாருங்கள்.

இனி மூடியைத் திறந்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். முதலில் தளதளவென்று கொதிக்கும் சத்தம், அது தண்ணீர். பிறகு சத்தம் மெலிந்து சடசடக்கும். அதாவது தண்ணீர் தீர்ந்து எண்ணெய் மிஞ்சியிருக்கிறது. கொதித்த குமிழிகள் போன இடமெல்லாம் ஓட்டையாகி, இடையிலிருந்த மாவு மெல்லிய வலையாகக் காய்ந்து, தன்னோடு வந்த எண்ணெயிலேயே பொரியும். சீனாவில் பனிப்பூ என்று இந்த வலைக்குப் பெயர். மாவைக் கூட்டினால் ஓட்டை அடைந்து தடித்த அடையாகிவிடும். மைதாவுக்குப் பதில் சோளமாவு (கார்ன்ஃப்ளார்) போட்டால் வலை வெளுப்பாக, கண்ணாடியாக நொறுங்கும். மைதாவில் நிறமும் மணமும் கூடுதல். நான் இரண்டையும் பாதிப் பாதி போடுகிறேன்.

இந்தக் கட்டத்தில்தான் கை பரபரக்கும். தொடக் கூடாது. அத்தை தோசைத்திருப்பியை நீட்டுவார், வாங்கக் கூடாது. வலையின் ஓரம் தானாகப் பானைவிட்டு எழும்பும் வரைக்கும் அது ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். எழும்பிய பின் பானை ஆட்டினால் மொத்தமும் ஒரே வட்டமாக வழுக்கும். அடுப்பின் தீ ஒரு பக்கமாக எரிந்தால் பானைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி வையுங்கள். பிறகு மிச்ச எண்ணெயை வடித்துவிட்டு, பானைவிடச் சிறிய தட்டைக் கவிழ்த்து வைத்து, உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு ஒரே மூச்சில் திருப்ப வேண்டும். முறுகல் பக்கம் மேலே வந்துவிடும். இது அழகுக்காக மட்டும் அல்ல. முறுகிய அடியைத் தட்டில் வைத்தால் டம்ப்ளிங்கின் ஆவியே அதை ஊறவைத்துவிடும்.

முழுக்கப் பொரிப்பதற்கு வோன்டன் தோல்தான் ஏற்றது. கொதிநீர் மாவில் செய்த தடித்த தோலை எண்ணெயில் போட்டால் கடிக்கப் பல் வேண்டும். சதுரமான, காகித மெல்லிய தோலில் ஒரு தேக்கரண்டிக்கு மேல் பூரணம் வைக்காதீர்கள். எண்ணெயில் அது இருக்கப்போவது மூன்று நிமிடம். அதற்குள் உள்ளே வேக வேண்டும். மூடும்போது உள்ளே சிக்கிய காற்றை விரலால் தள்ளி வெளியேற்றுங்கள், இல்லாவிட்டால் அது விரிந்து தோலைப் பிளக்கும். எண்ணெய் 170 முதல் 175 டிகிரி. மரக்குச்சியை விட்டால் அதைச் சுற்றிப் பொடிக் குமிழிகள் தயங்காமல் எழ வேண்டும். ஐந்தாறாகப் போடுங்கள், கூட்டமாகப் போட்டால் எண்ணெய் ஆறிவிடும், தோல் எண்ணெய் குடிக்கும். எடுத்ததைக் காகிதத்தில் பரப்பாமல் கம்பி வலைத் தட்டில் வையுங்கள். காகிதத்தில் படிந்த பக்கம் தன் ஆவியிலேயே நமத்துப் போகும்.

ஒரே நாளில் நாற்பது மடித்து, பாதியைப் பச்சையாகவே உறைபெட்டியில் வைப்பது என் வழக்கம். மாவு தூவிய தட்டில் ஒன்றோடொன்று படாமல் வைத்து, கல்லாக உறைந்த பிறகு பையில் போட வேண்டும். சமைக்கும்போது உருகவிடாமல் நேரே பானில் அடுக்கிவிடுங்கள். உருகினால் தோல் நீர்த்துத் தட்டோடு ஒட்டிக் கிழியும். இரண்டு மூன்று நிமிடம் கூடுதலாக மூடி வைத்தால் போதும். மேலே பனித்துகள் இருந்தால் தட்டிவிடுங்கள். பனி படிந்ததைச் சுடும் எண்ணெயில் மூழ்கடிப்பது மட்டும் வேண்டாம், அது ஆபத்து.

தொட்டுக்கொள்ள, ஜென்ஜியாங் ஊரின் கறுப்பு வினிகர் இரண்டு பங்கு, சோயா சாஸ் ஒரு பங்கு, நூலாக நறுக்கிய இஞ்சி, விருப்பமிருந்தால் மிளகாய் எண்ணெய். வினிகர்தான் தலைமை தாங்க வேண்டும். எண்ணெயில் வாட்டியதற்குப் புளிப்பு தேவை. உப்பு ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. தோலின் மெத்தென்ற பக்கத்தைத் தோயுங்கள், முறுகல் பக்கத்தை அல்ல. என் மகள் தோய்ப்பதே இல்லை. வலையை மட்டும் உடைத்துத் தின்றுவிட்டு, மொட்டையான டம்ப்ளிங்குகளை எனக்கு விட்டுவைக்கிறாள்.

ஆறிப்போனதை மைக்ரோவேவில் சுடவைத்தால் தோல் தோலாகவே ஆகிவிடும். பானில் ஒரு தேக்கரண்டி எண்ணெய், இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர், மூடி போட்டு இரண்டு நிமிடம், மூடியை எடுத்துவிட்டு இன்னும் இரண்டு நிமிடம். வலை திரும்ப வராது. அடி திரும்பவும் முறுகும்.